கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கனவுக் கொட்டகை



நெடுந்தூரப் பேருந்துப் பயணங்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆடும் ஒரு விளையாட்டை நீங்கள் கவனித்திருப்பீர்கள். சன்னலோரத்தில் அமர்ந்துகொண்டு எதிரே வரும் கார்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். "அடுத்து வருவது எனக்கு" என்று ஒருவன் சொல்வான். வந்து சேர்வது செங்கல் ஏற்றிய டிராக்டராக இருக்கும். மற்றவர்கள் சிரித்து ஓய்வதற்குள் பளபளக்கும் புதுக் கார் ஒன்று அடுத்தவன் பங்குக்குப் போய்விடும். இதில் காசு செலவும் இல்லை, கடன் தொல்லையும் இல்லை. ஊர் வந்ததும் எல்லாரும் வெறுங்கையோடு இறங்கிப் போவார்கள்.

இதே விளையாட்டை உண்மையான பணத்தை வைத்து ஆடியவர்களும் உண்டு. புரூணை சுல்தானிடம் ஆயிரக்கணக்கில் கார்கள் இருப்பதாகப் பத்திரிகைகள் பலமுறை எழுதியுள்ளன. ஹைதராபாத்தின் சௌமஹல்லா அரண்மனைக்குச் சென்றவர்கள், நிஜாமுக்காகச் செய்யப்பட்ட மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் காரைப் பார்த்திருப்பார்கள். பின்னிருக்கை சிம்மாசனம் போலவே அமைந்த கார் அது. ஆயினும் அது ஓடிய தூரம் மிகவும் சொற்பம். பெரும்பாலும் நின்றே காலம் கழித்தது. நம் தமிழகத்திலேயே, கோவையில் ஜி.டி. நாயுடு பெயரால் விளங்கும் நிறுவனத்தார் 2015-ஆம் ஆண்டில் ஒரு கார் அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்த ஜி.டி. நாயுடுவோ 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தம் தொழிலைத் தொடங்கியவர்.

நமக்கு அரண்மனையும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. ஆனால் கற்பனைக்கு வரியும் கிடையாது, வட்டியும் கிடையாது. ஆகவே தேனி மாவட்டத்தின் சாலைகள் வழியே பயணம் செய்து, வழிநெடுக ஒரு கனவுக் கார்த் தொகுப்பை நாம் சேர்ப்போம், வாருங்கள்.

விளையாட்டு என்றால் நிபந்தனை வேண்டுமல்லவா? இவைதாம் நம் நிபந்தனைகள்:

ஒன்று: கொட்டகையில் ஐந்து வண்டிகளுக்கு மட்டுமே இடம். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், போடி ஆகிய ஐந்து ஊர்களுக்கும் ஊருக்கு ஒன்று.

இரண்டு: வண்டி நம் நாட்டில் தயாரானதாக இருக்க வேண்டும். ஒன்றேனும் தமிழ் மண்ணில் உருவானதாக இருக்க வேண்டும்.

மூன்று: விலையையும் வேகத்தையும் பற்றிப் பேசலாகாது. அந்த வண்டி யாரைச் சுமந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

நான்கு: பெண் வீட்டாரிடம் கேட்டு வாங்கிய கார், எத்தனை அழகாக இருந்தாலும், கொட்டகைக்குள் நுழையலாகாது.

ஐந்து: ஐந்தாம் இடம், இப்பள்ளத்தாக்கு இன்னும் காணாத ஒரு வண்டிக்கு உரியது. கனவுத் தொகுப்பில் ஒரு கனவாவது இருக்க வேண்டாமா?

என் மதரஸா மாணவர்களிடம் இவற்றைச் சொன்னபோது நான்காம் நிபந்தனையை உடனே ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குத் திருமண வயது வர இன்னும் நாளிருக்கிறது. மூன்றாம் நிபந்தனைதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. "விலையும் வேகமும் இல்லையென்றால் காரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, ஹஜ்ரத்?" என்று கேட்டான் ஒருவன். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

தேனி: பிளஷர் கார்

மதுரையிலிருந்து உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் இறங்கும்போதே காற்றின் குணம் மாறிவிடுகிறது. மேற்கே தொடர்ச்சி மலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. தெற்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இவற்றுக்கு நடுவே விரிந்து கிடப்பதுதான் கம்பம் பள்ளத்தாக்கு. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி இந்த வயல்களுக்கு வருகிறது. கொச்சியிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் நெடுஞ்சாலையும், திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்குப் போகும் நெடுஞ்சாலையும் தேனியில் சந்திக்கின்றன. சாலைகள் சந்திக்கும் ஊரில் சந்தையும் செழிக்கும்.

இவ்வூருக்கு நாம் தேர்ந்தெடுப்பது அம்பாசிடர். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, வங்காளத்தின் உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட வண்டி. நம் பாட்டன்மார் எந்தக் காரையும் அதன் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லாமே அவர்களுக்குப் 'பிளஷர்'தான். முன்னிருக்கை நீண்ட பெஞ்சு போன்றிருக்கும். ஓட்டுநருக்கு அருகில் பெரியத்தாவும் அவர் மடியில் ஒரு பேரனும் அமர, பின்னால் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதை இறங்கும்போதுதான் எண்ண முடியும்.

இது யாரைச் சுமந்தது? நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்களை மதுரை ஆஸ்பத்திரிக்குச் சுமந்தது. கூண்டு வண்டிக்குத் திரை கட்டிய வழக்கப்படியே கண்ணாடிக்குத் திரை கட்டி, நம் வீட்டுப் பெண்களை நிக்காஹ் வீடுகளுக்குச் சுமந்தது. ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட முதியவர்களை மாலையும் கண்ணீருமாக மதுரை ரயிலடி வரை கொண்டுபோய் விட்டது. தெருவுக்கு ஒரு கார்கூட இல்லாத நாளில், வாடகைக்கு வந்த அந்த ஒரு கார் ஊருக்கே சொந்தமாக இருந்தது.

சின்னமனூர்: சிறிய வண்டி, பெரிய திறப்பு

தேனியை விட்டுத் தெற்கே வந்தால் வீரபாண்டி, அதனை அடுத்துச் சின்னமனூர். நெல்லும் வாழையும் தென்னையும் சாலையின் இருபுறமும் கூடவே வருகின்றன. இங்கிருந்து கிழக்கே பிரியும் சாலை மேகமலைக்கு ஏறுகிறது. அதன் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் மலர்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

இவ்வூருக்கு மாருதி 800. 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியை உரியவரிடம் வழங்கினார். மூன்று சிலிண்டர் கொண்ட சிறிய என்ஜின். அம்பாசிடரில் வளர்ந்த பெரியவர்கள் இதைப் பார்த்து, "இது காரா, தீப்பெட்டியா?" என்று கேலி பேசினார்கள். அதே பெரியவர்களின் பிள்ளைகள்தாம் பிறகு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தும், வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணத்தைச் சேர்த்தும் இதை வாங்கினார்கள்.

இது சுமந்தவர்களில் ஒருவரை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும். அவர் பின்னிருக்கையிலிருந்து முன்னிருக்கைக்கு வந்த பெண். இலகுவான ஸ்டியரிங், குட்டையான உடம்பு, சந்துக்குள்ளும் திரும்பும் வசதி ஆகியவற்றால் நம் வீட்டுப் பெண்கள் பலர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது இந்த வண்டியில்தான். கணவர் வெளிநாட்டில் இருக்க, பிள்ளையைப் பள்ளிக்கும் மாமியாரை மருத்துவரிடமும் தாமே அழைத்துச் சென்ற சகோதரிகளுக்கு இந்தச் சிறிய வண்டி எத்தனை பெரிய துணை என்பதை அவர்களே சொல்ல வேண்டும்.

ஒரு வியப்பான செய்தி: மாருதி 800-இன் உற்பத்தியும் 2014-ஆம் ஆண்டில்தான் நின்றது. அம்பாசிடரும் அதை விரட்ட வந்த வண்டியும் ஒரே ஆண்டில் விடைபெற்றன.

உத்தமபாளையம்: குதிரையும் ஹெரால்டும்

சின்னமனூரைக் கடந்தால் உத்தமபாளையம். இங்கே 1956-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியைப் பற்றி நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மதுரைக்குப் போய்த் தங்கிப் படிக்க வழியில்லாத பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு, எல்லாச் சமயத்தாருக்கும், பட்டப்படிப்பை வீட்டருகே கொண்டுவந்த கல்லூரி அது.

அந்தப் பெயரிலேயே நம் விளையாட்டுக்கு உரிய ஒரு செய்தி இருக்கிறது. இராவுத்தன் என்றால் குதிரைவீரன் என்றே தமிழ் அகராதி பொருள் சொல்லும். குதிரைப் படையோடும் குதிரை வணிகத்தோடும் தொடர்புடைய பெயர் அது. இன்று குதிரை போயிற்று, பெயர் நிற்கிறது. சவாரி செய்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று பெருமை பேசும் நாம், சவாரியால் நிலைத்து நிற்பது எது என்பதை இந்தக் கல்லூரி வாயிலில் நின்று எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் எந்த வண்டியில் வந்தார் என்பதை ஊர் மறந்துவிடும். எதைக் கட்டி வைத்துப் போனார் என்பதை மறப்பதில்லை.

கல்லூரி ஊருக்கு ஏற்ற வண்டியாக, நம் தமிழ் மண்ணிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நிறுத்துவோம். சென்னைக்கு அருகே வண்டலூரில் இருந்த தொழிற்சாலையில் 1961 முதல் இதைத் தயாரித்தார்கள். தொடக்கத்தில் இதற்கு இரண்டே கதவுகள். பின்னால் அமர வேண்டுமென்றால் முன்னிருப்பவர் இறங்கி, இருக்கையை மடக்கி, வழிவிட வேண்டும். மாமியாரும் மருமகளும் ஒரே காரில் போகும் நம் நாட்டுக்கு இது ஒத்துவருமா? 1968-இல் நான்கு கதவுகள் வைத்த ஹெரால்டை இங்கேயே வடிவமைத்து வெளியிட்டார்கள். பிரிட்டனில் பிறந்த வண்டிக்கு, இந்தியக் குடும்பம் இரண்டு கதவுகளைக் கூடுதலாகத் திறந்துவிட்டது! ஒரு பேராசிரியரும் அவர் புத்தகக் கட்டுகளும் செல்ல இதைவிடப் பொருத்தமான வண்டி ஏது?

கம்பம்: ஏலமலைக்கு ஏறும் ஜீப்

இனி கம்பம். பன்னீர்த் திராட்சைக்குப் பேர்போன ஊர். அந்தத் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. இந்த ஊரில் நின்று எந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கவே வேண்டாம். ஜீப்தான்.

நம் நாட்டு ஜீப்பின் வரலாற்றில் பலரும் அறியாத ஒரு பக்கம் உண்டு. 1945-இல் அந்த நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் 'மஹிந்திரா அண்டு முஹம்மது'. மஹிந்திரா சகோதரர்கள் இருவரும் மாலிக் குலாம் முஹம்மதும் அதில் கூட்டாளிகள். நாட்டுப் பிரிவினைக்குப் பின் குலாம் முஹம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். பின்னாளில் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். 1948-இல் நிறுவனத்தின் பெயர் 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' என்று மாறியது. 1947-இல் பம்பாயில் பூட்டத் தொடங்கிய ஜீப், இரண்டு பெயர்களையும் கண்டுவிட்டது. உலகப் போருக்காக அமெரிக்கா படைத்த வண்டி, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வலிமையால் நம் மலைப் பாதைகளுக்கு உகந்ததாயிற்று.

இந்த ஜீப் யாரைச் சுமக்கிறது? ஃபஜ்ரு பாங்குக்கு முன்பே கம்பத்தில் விளக்கெரியும் வீடுகள் பல. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையை அணிந்து, தலையில் துணி கட்டி, தூக்குச் சட்டியோடு பெண்கள் தெருமுனைக்கு வந்து நிற்பார்கள். ஜீப் வரும். கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும், போடிப் பக்கத்தவர்கள் போடிமெட்டு வழியாகவும், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் இப்படிப் போய்த் திரும்புகிறார்கள். எல்லாச் சமூகத்துப் பெண்களும் அதில் உண்டு. நம் தெருப் பெண்களும் உண்டு.

ஏலக்காய் மரத்தில் காய்ப்பதன்று. பெரிய மரங்களின் நிழலில் வளரும் செடி. அதன் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய் பிடிக்கும். ஆகவே பறிப்பவர் நாள் முழுதும் குனிந்தோ குந்தியிருந்தோதான் பறிக்க வேண்டும். முற்றிய காயைத் தேர்ந்து, பிஞ்சை விட்டுவிட வேண்டும். இதை எந்த இயந்திரமும் செய்வதில்லை. மழைக்காலத்தில் அட்டைக் கடி வேறு. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காயை உலர்த்தினால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். உங்கள் வீட்டு நெய்ச்சோற்றில் மணப்பதும், அரபு நாடுகளில் விருந்தினருக்கு ஊற்றும் கஹ்வாவில் மணப்பதும் இப்படிப் பறித்த காய்தான்.

அந்தப் பெண்கள் போய்வரும் விதத்தையும் நாம் பேசியாக வேண்டும். சிலருக்கென்று அமைந்த ஜீப்பில் அதற்கும் மேற்பட்டவர்களை ஏற்றுகிறார்கள். ஒருவர் மடியில் ஒருவராக, பின்கதவில் தொங்கலாக, வளைவுகளில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி போகிறார்கள். ஓட்டுநருக்கு ஒரு நடையில் இத்தனை தலை என்பது கணக்கு. தோட்டத்தாருக்குக் காய் முற்றி உதிர்வதற்குள் பறித்தாக வேண்டும் என்பது அவசரம். இடமில்லை என்று இறங்கிவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்பது அந்தப் பெண்ணின் அச்சம். இந்த மூன்றும் சேர்ந்துதான் பாரமாக ஏறுகின்றன. மலைச் சாலைகளில் தொழிலாளர் ஜீப் கவிழ்ந்து உயிர்கள் போன செய்தியை நாளேடுகளில் பலமுறை படித்திருக்கிறோம். படித்துவிட்டு, 'இன்னா லில்லாஹி' சொல்லிவிட்டு, அதே ஏலக்காய்த் தேநீரைக் குடித்து முடித்திருக்கிறோம்.

ஆகவே கம்பத்து ஜீப்பை நம் கொட்டகையில் பெருமையோடுதான் நிறுத்துகிறேன். ஆனால் உள்ளே எத்தனை இருக்கை உண்டோ அத்தனை பேர் மட்டுமே ஏறலாம் என்ற பலகையையும் சேர்த்தே மாட்டுகிறேன்.

போடி: ஐந்தாம் இடம்

கம்பத்திலிருந்து உத்தமபாளையம் திரும்பி, கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் என மலையடிவாரச் சாலையிலேயே வந்தால் போடிநாயக்கனூர். ஏலக்காய் ஏலத்துக்கு இந்தியா முழுதும் அறிந்த ஊர். முன்பு கையுயர்த்திக் கேட்டார்கள். இப்போது வணிகர்கள் கணினித் திரை முன் அமர்ந்து விலை கேட்கிறார்கள்.

சரக்கைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதில் இவ்வூர் என்றுமே பின்தங்கியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, மூணாறு மலைத் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து இங்கே அருகிலுள்ள கொட்டகுடிக்கு இறக்கக் கயிற்றுவழி அமைத்திருந்தார்கள். தேயிலைப் பெட்டிகள் அந்தரத்தில் தொங்கியபடி மலை இறங்கின. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு சிறு ரயிலும் ஓடியது. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அதை அழித்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010-இன் இறுதியில் நின்ற அந்த ரயில், 2023 ஜூனில் மீண்டும் போடிக்கு வந்து சேர்ந்தபோது ஊரே நிலையத்தில் கூடியது.

தேயிலைக்குக் கயிற்றுவழி கண்டோம். ஏலக்காய்க்குத் தனி மையமும் கணினித் திரையும் கண்டோம். உலர்ந்த காய் உடைந்தால் விலை குறையும் என்று எத்தனை பக்குவமாக மூட்டை பிடிக்கிறோம்! காய் நசுங்காமல் மலை இறங்குகிறது. அதைப் பறித்தவர் நசுங்கியபடி இறங்குகிறார்.

எனவே ஐந்தாம் இடம், பள்ளத்தாக்கு இன்னும் காணாத அந்த வண்டி, இவர்களுக்கானது. அதன் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் பின்னே எடுக்காமல் திரும்பும் அளவுக்குச் சிறிய பேருந்து. ஒருவருக்கு ஓர் இருக்கை, எல்லாம் முன்னோக்கியவை, இடுப்புப் பட்டையுடன். மூட்டுவலிக்காரப் பெண்ணும் பிறர் கை பிடிக்காமல் ஏறும்படி தாழ்ந்த படி. மழைச்சாரல் புகாத சன்னல். தூக்குச் சட்டி வைக்க ஒரு தட்டு. இரவு நன்றாக உறங்கி எழுந்த ஓட்டுநர். தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் மாதச் சம்பளம் வாங்குபவராக அவர் இருந்தால் இன்னும் நல்லது.

இதில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பெரிய ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளும் ஆலைத் தொழிலாளரும் இத்தகைய வண்டிகளில் போய்வருகிறார்கள். பள்ளிவாசல் விரிவாக்கத்துக்கும் திருமண மண்டபத்துக்கும் கூடிப் பணம் சேர்க்கத் தெரிந்த நம் ஜமாஅத்துகளுக்கு, நாலைந்து ஊர் சேர்ந்து ஒரு பேருந்து வாங்குவது எட்டாத காரியமா? ஏலத்தோட்டம் வைத்திருப்போரும் ஏலக்காய் வணிகம் செய்வோரும் நம் வாசகர்களிலேயே பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நாளை காலை உங்கள் தோட்டத்து வாசலில் ஜீப் வந்து நிற்கும்போது, இறங்குபவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிறகு இருக்கைகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டிய நாள் ஒன்று உண்டு.

மற்ற வாசகர்களே! அடுத்த பயணத்தில் உங்கள் பிள்ளைகள் சன்னலோரம் அமர்ந்து கார்களைப் பங்கு போடும்போது, இந்த நிபந்தனைகளைச் சொல்லிக் கொடுங்கள். எந்தக் காரைக் கேட்டாலும், "அது யாரைச் சுமக்கும்?" என்று திருப்பிக் கேளுங்கள். ஐந்தாம் இடத்துக்கு அவர்கள் எந்த வண்டியைச் சொல்கிறார்கள் என்பதை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். விமானத்தையும் சேர்க்கலாமா என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். போடிமெட்டு வளைவில் திரும்பினால் சேர்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.